கை தட்டினானா?

"அவன் வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சா, முதல்ல என்ன கேப்ப நீ?"

லாம்பிஸ் கேட்ட இந்தக் கேள்வி மிர்தோவை விட்டுப் போகவே இல்லை. கம்பளி நூற்க உட்கார்ந்தால் தக்ளியோடு சேர்ந்து அதுவும் சுற்றியது. நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டாள், மறுபடி அறுந்தது. எழுந்து போய் ஆடுகளுக்குத் தழை போட்டாள். போட்டதை மறந்து இன்னொரு கட்டும் போட்டாள். ஆடுகள் அவளை ஒருமாதிரி பார்த்தன.

அவன் என்றால் லெவ்கோன். அவள் தம்பி தெரோனின் கூட்டாளி. போன இலையுதிர் காலத்தில் இருவரும் சேர்ந்துதான் வேட்டைக்குச் சதுப்புக்குள் இறங்கினார்கள். லெவ்கோன் மட்டும் நடந்து திரும்பினான். தெரோனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தெரோனின் மார்பில் இருந்த காயம் லெவ்கோனின் ஈட்டி போட்டது. அதை அவன் மறைக்கவில்லை. உடலையும் வேட்டை வலையையும் மிர்தோவின் வாசலில் இறக்கினான். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, வேட்டைத் தெய்வமான ஆர்த்தெமிஸின் கோயில் எல்லைக் கல்லுக்கு வெளியே, காட்டத்தி மரத்தடியில் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவும் கூடாது. கையில் மனித ரத்தம் பட்டவன், பன்றிக்குட்டியின் ரத்தம் ஊற்றி அந்தக் கையைக் கழுவும்வரை வாய் திறக்கக் கூடாது. அவனோடு யாரும் பேசக் கூடாது, அவன் குடித்த கலயத்தில் குடிக்கக் கூடாது. கழுவ வேண்டுமென்றால் செத்தவன் வீட்டார் வந்து, பழியை "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். தெரோனுக்கு வீட்டார் என்று இருந்தது மிர்தோ ஒருத்திதான்.

அவள் சொல்லவில்லை.

காரணம் சதுப்பில் இருப்பது. அதற்கு ஊரார் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூப்பிட வேண்டியிருக்கும் என்பார்கள். ஒருமுறை கேட்ட குரலை அது மறக்காது. பனிமூட்டம் இறங்கும் காலைகளில் நாணலுக்குள் படுத்துக்கொண்டு கூப்பிடும். தாயின் குரலில் மகளைக் கூப்பிடும். எஜமானின் குரலில் மாடு மேய்ப்பவனைக் கூப்பிடும். "இதோ வரேன்" என்று பதில் சொன்னவர்கள் வீடு திரும்பியதில்லை. அதனால் அந்த மலையடிவாரத்தில் வெளியே யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இரண்டு தடவை கை தட்டுவார்கள். எதிரிலிருந்தும் இரண்டு தட்டு வந்தால் அது மனிதன். அந்த மிருகத்துக்கு எத்தனையோ குரல் இருந்தது. தட்டத்தான் கை இல்லை.

நடக்கும் முன்பே பிள்ளைகள் கை தட்டக் கற்றுக்கொள்ளும் ஊர் அது. தாயில்லாத தெரோனுக்குக் கற்றுக்கொடுத்தவள் மிர்தோ. அவனுடைய குட்டிக் கைகளைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தட்டியது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. அப்படிப்பட்டவன் பனிக்குள் நின்றபோது தட்டாமல் இருந்திருப்பானா? தட்டியும் லெவ்கோன் ஈட்டியை எறிந்தான் என்றால் அது கொலை. தட்டவில்லை என்றால், ஏன் தட்டவில்லை?

லெவ்கோன் சொன்னால் அவள் விடுவாள். அவள் விட்டால்தான் லெவ்கோன் சொல்ல முடியும். குளிர்காலம் முழுக்க இந்த முடிச்சிலேயே ஊர் நின்றது.

லெவ்கோனுக்காகப் பேச, கடற்கரைச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவன்தான் லாம்பிஸ். லெவ்கோனின் பெரியப்பா மகன். வந்த அன்றே ஊர் முகப்பில் நின்று, "லெவ்கோன்! டேய் லெவ்கோன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கிணற்றடியில் நின்ற பெண்கள் அவன் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துத்தான் வாயை அடைத்தார்கள். அதற்குப் பிறகு கை தட்டக் கற்றுக்கொண்டான். ஆனால் ஒரு தடவை தட்டிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவான். அவன் தட்டினால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மிர்தோவின் வாசலில் உட்கார்ந்து அவளுடைய அத்திப்பழங்களைத் தின்றுகொண்டே அவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"கை தட்டினானான்னு கேப்பேன்," என்றாள் மிர்தோ.

"தட்டலைன்னு சொல்லிட்டான்னா?"

"விட்டுருவேன்."

"அட, இவ்வளவுதானா! தட்டலைன்னுதான் சொல்லுவான். வேற என்னத்தச் சொல்லப் போறான்? 'ஆமா, தட்டினான், இருந்தாலும் குத்தினேன்'னா சொல்லுவான்?"

மிர்தோவின் கையில் தக்ளி நின்றது.

"அதான் பயமாயிருக்கு," என்றாள்.

லாம்பிஸ் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். தான் உதவிக்கு வந்தோமா உபத்திரவத்துக்கு வந்தோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அன்றிலிருந்துதான் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனது. காட்டத்தி மரத்துக்கு எதிரே போய் நிற்பாள். அவன் முக்காட்டுக்குள் குனிந்திருப்பான். அவன் கைகளையே பார்ப்பாள். அவை முழங்கால்மேல் மல்லாந்து கிடக்கும், யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனவைபோல. திரும்பி வருவாள். வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி போகத் தோன்றும். தெரோனின் வலையைக் கதவுக்குப் பின்னால் முளையில் மாட்டியிருந்தாள். அதை மட்டும் தொடமாட்டாள்.

வசந்தம் வந்தது. மலைமேல் பனி உருகிச் சதுப்பு நிறைந்தது. கூடை முடைய நாணல் அறுக்கப் போன பெண்கள் ஒரு காலையில் அரிவாள்களைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மிர்தோவைப் பார்த்ததும் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லுங்கடி," என்றாள் மிர்தோ.

"உன் தம்பி," என்றாள் இன்னொருத்தி. "உன் தம்பி குரல்ல கூப்பிடுது."

"என்னன்னு?"

"'லெவ்கோன், நான்தான்டா'ன்னு."

மிர்தோ போட்டது போட்டபடி சதுப்புக் கரைக்கு ஓடினாள். பனி விலகியிருந்தது. நீர்க்கோழிகள்தான் கத்தின. மறுநாள் விடிந்ததும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். ஒரு காலையில் அவளுக்கும் கேட்டது.

"லெவ்கோன், நான்தான்டா!"

தெரோனேதான். குரலின் நுனியில் அந்தச் சின்ன உடைசல்கூட இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறவன்போல அவன் எப்போதும் பேசுவான். மிர்தோ இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்ட குரலைத்தான் அது சொல்லும். சொந்தமாக எதையும் கட்டிச் சொல்லாது. அப்படியென்றால் அன்றைக்கு அது பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. இதற்கு அடுத்து தெரோன் என்ன சொன்னானோ, அதுவும் அதன் தொண்டைக்குள் இருக்கிறது.

அடுத்ததை அது சொல்லவில்லை. பனி கலைந்தது.

அதே வாரத்தில் குயவனின் மனைவி போய்விட்டாள். புருஷன் குரலில் கூப்பிட்டதாம். சண்டை போட்டுவிட்டு வந்திருந்த கோபத்தில், "என்னய்யா இப்போ?" என்று திரும்பிக் கேட்டுவிட்டாளாம். அவளுடைய ஒரு செருப்பு மட்டும் மிதந்தது.

கோயில் பூசாரி பிராக்ஸோ எல்லைக் கல்லருகே ஊரைக் கூட்டினாள். பருத்த உடம்பும் பொறுமையில்லாத வாயும் கொண்டவள்.

"ஒரு உருப்படியான ஆள்கூட உங்களுக்குத் தோணலையா? இவ்வளவு நாளா அதைக் கொல்ல நம்ம ஆம்பளைங்க போனாங்க, வாயால செத்தாங்க. கூப்பிட்டா பதில் பேசவே முடியாத ஒருத்தன் நம்ம அத்தி மரத்தடியில சும்மா குந்திக்கிட்டு இருக்கான். ஈட்டியும் நல்லா எறிவான்." கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் மிர்தோ நிற்பதைப் பார்த்தாள். "எறியத் தெரிஞ்சவன்னு சொன்னேன்மா. தப்பா எடுத்துக்காத."

"அவன் போவானா?" என்று கேட்டார் ஒருவர்.

"போவான் போவான்," என்றான் லாம்பிஸ். "இப்படியே உக்காந்து அத்திக்காய் எண்ணிக்கிட்டு இருக்குறதுக்கு, அது அவனைக் கடிச்சுத் தின்னாக்கூடத் தேவலைன்னு இருக்கும்."

லெவ்கோன் மரத்தடியில் எழுந்து நின்றான். அதுதான் பதில்.

கூட்டம் கலைந்ததும் மிர்தோ பிராக்ஸோவின் பின்னாலேயே போனாள்.

"கொஞ்ச நாள் பொறுங்க. அது இன்னும் முழுசாச் சொல்லல."

"எது?"

"அதுதான். தெரோன் பேசினதுல பாதியத்தான் சொல்லியிருக்கு. மீதியைச் சொல்லட்டும். அதைக் கொன்னுட்டா எனக்கு வேற யாரு சொல்லுவா? லெவ்கோன் சொன்னா நான் நம்ப மாட்டேன். எனக்கு அது சொல்லணும்."

பிராக்ஸோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடியே, அது மனுசனைத் தின்னுற மிருகம். நீ என்னமோ அதைச் சாட்சி சொல்ல நிறுத்தப் பாக்குற. குயவன் வீட்டுல ரெண்டு குழந்தைங்க அம்மா எங்கேன்னு அழுவுதுங்க. நாளைக்கு அவ குரல்ல அதுங்களைக் கூப்பிடும். நீ போய் அவங்ககிட்ட பொறுக்கச் சொல்லு, போ."



மறுநாள் பனி அடர்த்தியாக இறங்கியது. லெவ்கோன் இடுப்பில் கத்தியும் கையில் ஈட்டியுமாகச் சதுப்புக்குள் இறங்கினான். கரையில் யாரும் நிற்கக் கூடாது என்று பிராக்ஸோ சொல்லியிருந்தாள். மிர்தோ நின்றாள். அவன் முதுகு பனியில் கரைந்ததும், பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு தொடைக்கு வந்தது. நாணல் இரு பக்கமும் சுவராக நின்றது. முன்னால் எங்கோ அவன் நடக்கும் சலசலப்புக் கேட்டது. அதுவும் நின்றது. அவனும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

முதலில் குயவனின் மனைவி கூப்பிட்டாள். "என்னய்யா இப்போ?" அதே கோபம். பிறகு ஒரு ஆட்டிடையன் ஆடுகளை அதட்டினான். அவன் செத்து எத்தனையோ வருடமாயிற்று. பிறகு ஒரு குழந்தை அழுதது. லெவ்கோனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாகப் பதில் கிடைக்கும் இடத்தில் கிடைக்காததால் அதற்கும் இருப்புக்கொள்ளவில்லை போலும். இங்கே ஒரு குரல், அங்கே ஒரு குரல் என்று நாணலுக்குள் வட்டமிட்டது.

"லெவ்கோன், நான்தான்டா!"

மிர்தோ குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"எறிஞ்சுடாதடா! கை ரெண்டும் வலையில மாட்டிக்கிச்சு. தட்ட முடியல. நான்தான்டா, லெவ்கோன்!"

இவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க அவள் காத்திருந்தது இதற்குத்தான். அவளுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்து விழுந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோனது. தண்ணீரில் நின்றபடி அவள் வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"தெரோன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

நாணல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஏதோ கனமான ஒன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. "அக்கா!" என்றது. "அக்கா, கதவைத் திற!" தினமும் சாயங்காலம் சதுப்போரப் பாதையில் வரும்போதே தெரோன் போடும் சத்தம் அது. எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பழக்கத்தை மட்டும் அவன் விடவில்லை. அவள் பின்வாங்கினாள். கால் சேற்றில் புதைந்தது.

"லெவ்கோன்! நான்தான், மிர்தோ!"

பனி ஒரு கணம் கிழிந்தது. அவன் தெரிந்தான். இடுப்பளவு தண்ணீரில் அவள் பக்கம் திரும்பியிருந்தான், ஆனால் நாணல் மறைத்ததில் அவள் அவனுக்குத் தெரியவில்லை. அவன் கண்கள் குரல் வந்த திசையைத் தேடின. ஈட்டி பிடித்த கை பின்னுக்குப் போயிருந்தது. குரலை நம்பாதே, தட்டு வரவில்லை என்றால் எறி. அந்த ஊரில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த பாடம். அவளும் ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அவன் முகத்தில் கோபம் இல்லை, வெறி இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சுகிற முகம். ஆனால் கை மட்டும் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இப்படித்தான் நின்றிருக்கிறான், அன்றைக்கும்.

அவள் கை தட்டினாள். ஈரக் கைகள், சேற்றுக் கைகள். சத்தமே எழவில்லை. மார்புத் துணியில் வெறிபிடித்தவள்போலத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினாள். இரண்டு தடவை.

ஈட்டியின் முனை அவளைவிட்டு விலகி, சாய்ந்துகொண்டிருந்த நாணலின் பக்கம் போனது. எறிந்தான்.

அது கரைப்பக்கம் சேற்றில் விழுந்து கிடந்தபோதுதான் அவள் அதை முழுதாகப் பார்த்தாள். கன்றுக்குட்டி அளவு இருந்தது. மான்குளம்புகள், சரிந்த முதுகு. வாய் காதுவரை கிழிந்திருந்தது. உள்ளே பல் இல்லை, ஒரே எலும்பு விளிம்பு. ஈட்டி விலாவில் நின்றது. சாகும்போது அது யாரையும் கூப்பிடவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் தானாக வழிந்தது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். ஆட்டிடையன் சீட்டியடித்தான். "உப்பு போட்டியா இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள். "அக்கா," என்றது, மெதுவாக. மிர்தோ குனிந்தாள். "அக்கா, கஞ்சி இருக்கா?"

பிறகு சதுப்பில் நீர்க்கோழிகளின் சத்தம் மட்டும் இருந்தது.

லெவ்கோன் சற்றுத் தள்ளி அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவனும் அதைக் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மிர்தோ ஈரத்தோடு கதவுக்குப் பின்னாலிருந்து வலையை இறக்கினாள். வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். ஓரிடத்தில் இரண்டு மணிக்கட்டு அளவுக்கு ஓட்டை இருந்தது. இழுத்து அறுந்த கயிறாக இருந்தால் நுனி சிம்பு சிம்பாகப் பிரிந்திருக்கும். இது கத்தியால் சீராக வெட்டியது. செத்தவனின் கையை விடுவிக்க வெட்டியிருக்கிறான். வெட்டும்போது அவனுக்குத் தெரிந்திருக்கும், குரல் சொன்னது அத்தனையும் உண்மை என்று. அதைத்தான் இவ்வளவு நாளும் மரத்தடியில் வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஊர் முழுக்கக் காட்டத்தி மரத்தைச் சுற்றி நின்றது. பிராக்ஸோவின் கையில் பன்றிக்குட்டி திமிறிக்கொண்டிருந்தது.

"இப்பவாவது சொல்லுவியா, இல்ல இந்தக் குட்டி பெருசாகிப் பேரன் பேத்தி எடுக்குற வரைக்கும் நான் தூக்கிக்கிட்டே நிக்கணுமா?"

"விட்டேன்," என்றாள் மிர்தோ.

பிராக்ஸோ குட்டியை அறுத்து, ரத்தத்தை லெவ்கோனின் நீட்டிய கைகளில் ஊற்றினாள். பிறகு தண்ணீர் ஊற்றினாள். கழுவிய தண்ணீரைக் குழியில் விட்டு மண் தள்ளினார்கள். அவன் முக்காட்டை எடுத்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோபோல இருந்தான்.

"முடிஞ்சுது," என்றாள் பிராக்ஸோ. "பேசலாம்."

"பேசுடா!" லாம்பிஸ் குதித்தான். "உனக்காக நான் பேசிப் பேசி என் தொண்டையே போச்சு. ஏதாவது சொல்லுடா. வசவாச்சும் வை!" பிறகு மிர்தோவின் பக்கம் திரும்பினான். "நீ கேளும்மா. மழை பனியெல்லாம் பாக்காம வந்து வந்து நின்னியே. இப்ப கேளு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லெவ்கோனும் பார்த்தான். கேட்பாள், சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவன் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

பழைய கேள்வி தீர்ந்துவிட்டது. அதன் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவு கெஞ்சிச் சொன்னானே, உனக்கு நம்பத் தோணலையா? அது அவள் நாக்கு நுனியில் நின்றது. கூடவே பனிக்குள் பார்த்த அந்த முகமும் நின்றது. நம்பிய அவளை அது தின்ன வந்தது. நம்பாத அவன் நண்பனைக் கொன்றான். இதில் எதைக் கேட்பது?

அவள் வீட்டுக்குப் போனாள். ஒரு கலயத்தில் வாற்கோதுமைக் கஞ்சி கொண்டு வந்தாள். முதலில் தான் ஒரு வாய் குடித்தாள், எல்லோரும் பார்க்க. பிறகு அதே கலயத்தை அவனிடம் நீட்டினாள்.

"குடிச்சிட்டுப் போ."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். நின்றபடியே குடித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்தான். கலயத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் உதடு பிரிந்தது. லாம்பிஸ் கழுத்தை நீட்டினான். பின்னால் நின்றவர்கள் குதிகாலை உயர்த்தினார்கள். கிணற்றடிப் பெண்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள்.

உதடு மூடிக்கொண்டது.

சுத்தம் செய்து மரத்தில் சாய்த்து வைத்திருந்த ஈட்டியைத் தாண்டி நடந்தான். அதை எடுக்கவில்லை. "டேய், எங்கடா போற? நில்லுடா, நானும் வரேன்!" என்று லாம்பிஸ் தன் மூட்டையைத் தேடி ஓடினான். மிர்தோ கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். லெவ்கோன் எல்லைக் கல்லைக் கடந்தான், சதுப்புக்கு எதிர்ப்பக்கம் ஏறும் கல்பாதையில் திரும்பினான், கழுவிய கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்க, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனான்.